சிவப்பு நூல் கட்டிய சீட்டுகள்

அவரிடம் எந்தப் பட்டியலையும் காட்டக் கூடாது. காட்டினால் திரும்பி வரும், கொடுத்தபடி வராது.

இதை நான் முதலில் தெரிந்துகொண்டது ஒரு மளிகைக் கடையில். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நில அளவை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. ஒரு சனிக்கிழமை மதியம், அம்மா சொல்லச் சொல்ல நானே எழுதிய சாமான் துண்டோடு கடையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி என் தோளுக்கு மேலாக அந்தத் துண்டைப் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"தம்பி, அத இப்படிக் குடுங்க."

கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு பலம் இருந்தது. கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, கடை மூட்டை ஒன்றின்மேல் துண்டை வைத்துக்கொண்டார்.

"பருப்பு ரெண்டு எடத்துல இருக்கு. ரெண்டு பருப்பா, இல்ல ரெண்டு தடவ ஞாபகம் வந்துச்சா?"

"ரெண்டு தடவ ஞாபகம்."

ஒன்றை அடித்தார். "வெந்தயம் எதுக்கு? என்ன கொழம்பு?"

"தெரியலியே."

"எதுக்குன்னு தெரியாதத எதுக்குச் சொமந்துட்டுப் போறீங்க?" வெந்தயத்தையும் அடித்தார். பிறகு துண்டின் பின்பக்கத்தில் மிச்சம் இருந்ததை மூன்று கூட்டமாகப் பிரித்து எழுதினார். வீட்டிலேயே கொஞ்சம் இருக்கக்கூடியவை முதலில். கடையில் வாங்க வேண்டியவை அடுத்து. பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைப்பவை கடைசியில். ஒவ்வொரு கூட்டமும் அகர வரிசையில் இருந்தது. எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வெந்தயம் எங்கடா?" அம்மாவுக்கு அது சமையலுக்கு வேண்டியிருக்கவில்லை. அரைத்துத் தலைக்குத் தேய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பொட்டலம் வெந்தயத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தலைக்குன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா தொட்டிருக்க மாட்டேன்மா," என்றார் என் அம்மாவிடம். மன்னிப்புக் கேட்கிறாரா, குற்றம் சாட்டுகிறாரா என்று அம்மாவுக்குப் புரியவில்லை. கோப்பி போட்டுக் கொடுத்தார். அந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர் ஆனார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் முதல் எழுத்தை மட்டும் உரிய இடத்தில் சொல்வேன்.

அக்காவுக்கு முப்பது வயது இருக்கலாம். உயரம், நீட்டி எட்டு வைத்து நடப்பார். கித்தா கம்பெனி, அதாவது ரப்பர் கம்பெனி, ஒன்றின் கிடங்கில், எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் வேலை. பட்டணத்தின் காஜா பெராங் பகுதியில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அண்ணிக்கும் அவருக்கும் நல்ல பிரியம் உண்டு, கேலியும் உண்டு.

"எங்க வீட்டுல மொளகா கூட வரிசையில நின்னுதான் காயும்," என்பார் அண்ணி. "இவுங்க கோவப்பட்டாலும் அப்படித்தான். மொதல்ல பழைய கோவம் எல்லாம் வரும், அப்புறம்தான் இன்னைக்கு உள்ளது வரும். நான் கோப்பி குடிச்சி முடிச்சிட்டு வந்து கேட்டுக்குவேன்."

ஒருமுறை செமாபோக் போகும் பேருந்தில் அவரோடு நின்றுகொண்டு போனேன். நல்ல நெரிசல். இரண்டு நிறுத்தம் பொறுத்தார். மூன்றாவதில், "அடுத்த எடத்துல எறங்கறவங்க கதவுகிட்ட வாங்க. செமாபோக் போறவங்க உள்ள போங்க. அவ்வளவுதான், கஷ்டமே இல்ல," என்று தமிழிலும் மலாயிலுமாகச் சொன்னார். சீனப் பாட்டி ஒருவர், கூடையில் வாத்தோடு இருந்தவர், முதலில் நகர்ந்தார். பிறகு எல்லோரும் நகர்ந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா ஏறினால் நடத்துநரே பின்னால் நகர்ந்து இடம் விடுவதைக் கவனித்திருக்கிறேன்.

மலாய் நாடு சுதந்திரம் அடையப்போகும் ஆண்டு அது. எங்கள் பகுதியில் ஒரு நாடகக் குழு இருந்தது. நான் அதற்குச் செயலாளர். நாடகம் எழுதுபவனும் நானே. தலைவர், பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை முதலாளி என்றே அழைப்போம். விளக்குகள், திரைச்சீலை, நாற்காலிகள் எல்லாம் அவர் தயவு. கொண்டாட்ட வாரத்தில் ஒரு புது நாடகம் போட வேண்டும் என்று முடிவாயிற்று.

நான் எழுதிய நாடகத்தின் கதை சிறியது. ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் இளைஞனுக்குக் கல்யாணம். மேடையில் விளக்கு வருகிறது, மாலை வருகிறது, மணப்பெண் வருகிறாள். அந்த நேரத்தில் ஊரிலிருந்து மாமன் கடிதம் வருகிறது: கல்யாணத்தை நிறுத்து, கப்பலேறி வா. இளைஞன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இனிமே இதுதான் என் ஊரு!" என்கிறான். பிறகு தாலி கட்டுகிறான். திரை விழுகிறது.

எழுதுவது எனக்கு எளிதாக இருந்தது. மேடையேற்றுவதுதான் ஒவ்வொரு முறையும் ஆபத்து. எங்கள் காட்சித் தாள்களின் தலைப்பில், வெளியிலிருந்து வர வேண்டிய சாமான்களை எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஒத்திகை நடக்க நடக்க ஆளாளுக்கு அதில் சேர்ப்பார்கள், எடுப்பவர் கிடையாது. முந்தைய நாடகத்தில் யாரும் பிடிக்காத குடை நான்கு காட்சிகளிலும் இருந்தது. ஒரே லாந்தர் மூன்று முறை எழுதப்பட்டு, மூன்று வீட்டிலிருந்து மூன்று லாந்தர் வந்து சேர்ந்தது. கதாநாயகன் குடிக்க வேண்டிய விஷப்புட்டி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லாததால், அவர் மேடையில் வெறும் கையைக் குடித்துச் செத்தார்.

அந்த நாடகத்தைப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பார்த்த அக்கா, மறுநாளே என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த மேடைக்குப் பின்னால என்னைய விடுங்க."

"அக்கா, அங்க ஆம்பளைங்க மட்டும்தான்..."

"தெரியும். மணப்பொண்ணு வேஷம் கூட ஆம்பளதான் கட்டறான். நான் நடிக்கவா கேட்டேன்? சாமான பாத்துக்கறேன். அவ்வளவுதான்."

இதை அவர் எவ்வளவு விரும்பினார் என்று எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. நாடகம் என்றால் அவருக்கு உயிர். சிறு வயதிலிருந்து எல்லா நாடகங்களையும் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். திரைக்குப் பின்னால் ஒரே ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. முதலாளியிடம் கேட்டேன். செயற்குழுவில் இரண்டு மாலை வாதம் நடந்தது. கடைசியில் முதலாளியே அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, இந்த ஒரு நாடகம். நல்லா நடந்துச்சின்னா மேல பேசுவோம். ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சின்னா, பழையபடி முன்னால வந்து ஒக்காந்து கை தட்டிட்டுப் போயிடணும். சரியா?"

"சரிங்க முதலாளி," என்றார் அக்கா.

அடுத்த நாள் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். டின் நிறைய அட்டைச் சீட்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மேல் விளிம்பில் வரிசையாகத் துளைகள். தம் கிடங்கில் இப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். கூடவே, கம்பளி பின்னும் நீண்ட ஊசி ஒன்று.

அதன் வேலையை என் நாட்குறிப்பில் அன்றே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சாமானுக்கு ஒரு சீட்டு. முதல் மூன்று துளைகள் அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு: குழுவின் சொந்தப் பெட்டி, கடை, அக்கம்பக்கத்து வீடு. மிச்சத் துளைகள் பெயரின் முதல் எழுத்துக்கு. விளக்கு அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து வருவதென்றால், அந்தச் சீட்டில் மூன்றாவது துளையையும் 'வ' துளையையும் விளிம்புவரை கத்தரித்துத் திறந்துவிடுவார். எல்லாச் சீட்டையும் அடுக்கி, வேண்டிய துளையில் ஊசியை நுழைத்துத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினால், அங்கே திறந்திருக்கும் சீட்டுகள் மட்டும் பொலபொலவென்று கீழே விழும். மற்றவை ஊசியில் தொங்கும். முதலில் கூட்டம் கூட்டமாக விழவைப்பார். பிறகு ஒவ்வொரு கூட்டத்தையும் எழுத்து எழுத்தாக விழவைப்பார். விழுந்ததை விழுந்தபடி எழுதினால் பட்டியல் தயார். டார்ச் லைட்டுக்காக 'ட'வுக்குக்கூட ஒரு துளை இருந்தது.

"இதுக்கு மூளையே வேணாம்," என்றார், பெருமையாக. "ஊசி யோசிக்காது. அதான் அதோட நல்ல கொணம். நீங்க எப்படி எழுதிக் குடுத்தாலும் எப்பவும் ஒரே மாதிரி வரும்."

எங்கள் ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மேடை கட்டிக்கொடுக்கும் தச்சர், சிட்டி சமூகத்தவர்; பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய தமிழர் வழியினர், வீட்டிலும் மலாய்தான், தமிழ் பேசமாட்டார். ஊசியை வாங்கி அவரும் ஒரு முறை குலுக்கினார். சீட்டுகள் விழுந்தன. "வாஹ்!" என்று வியந்து சிரித்துவிட்டு இன்னொரு முறை குலுக்கினார்.

ஒத்திகை நாள்தோறும் ஐந்தரை மணிக்கு. அக்கா ஒவ்வொரு காட்சித் தாளையும் வாங்கி, முதலில் கீழே இருக்கும் வசனம் முழுவதையும் படிப்பார். யாரும் தொடாத சாமானைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவார். தொடுகிற சாமான் தலைப்பில் இல்லாவிட்டால் சேர்ப்பார். பிறகு ஊசி. "எது எங்கேர்ந்து வருதுன்னு மேல ஒழுங்கா இருக்கட்டும். கீழ நீங்க அழுங்க, சிரிங்க, சாவுங்க. எனக்குக் கவலையில்ல," என்பார். குடை ஒழிந்தது. லாந்தர் ஒன்றே ஒன்று வந்தது. குத்துவிளக்கு சிட்டிகளின் கம்போங்கிலிருந்து, அவர்கள் குடியிருப்பிலிருந்து, இரவல். அந்த வீட்டம்மா விளக்கைக் கையில் கொடுக்கும்போது, "ஜாங்கான் லூப்பா," மறந்துவிடாதே என்று மலாயில் சொன்னதைக்கூட அக்கா அந்தச் சீட்டின் மூலையில் எழுதி வைத்தார்.

இன்னொரு சிக்கலையும் அவரே தீர்த்தார். எங்கள் நடிகர்கள் வேலையிலிருந்து நேராக வருபவர்கள். கதாநாயகன் சுப்பையா பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவர். மணப்பெண்ணாக நடித்த கோபால் தபால்காரர். இருவருக்கும் வசனம் தெரியும், எந்த வசனம் எப்போது என்பதுதான் மறந்துபோகும். அக்கா ஒரு வழி சொன்னார்.

"நேரத்த ஞாபகம் வெக்காதீங்க. சாமான ஞாபகம் வெச்சிக்கங்க. மேடைக்கு என்ன சாமான் வருதோ, அதுக்கு உள்ள வசனத்தச் சொல்லுங்க."

அற்புதமாக வேலை செய்தது. கல்யாணக் காட்சியில், வேலைக்காரர் வேடம் போட்ட முத்து ஒரு தட்டில் ஒவ்வொரு சாமானாகக் கொண்டு வருவார். மேசையில் அக்கா பட்டியல்படி அடுக்கி வைத்திருப்பதை, இடமிருந்து வலமாக எடுத்துக்கொண்டு போவது மட்டுமே முத்துவின் வேலை. அவருக்கு வசனமே கிடையாது. அதில் அவருக்கு ரொம்ப நிம்மதி.

முழு ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மாலை, நாடகத்துக்கு நான்கு நாள் முன்பு. முதலாளியும் செயற்குழுவும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அதுவரை கல்யாணக் காட்சியைப் பழைய தாளை வைத்துத்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். அன்று காலையில்தான் அக்கா அதைச் சீராக்கி முடித்து, என்னிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார். நான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

முதல் மூன்று காட்சிகள் எண்ணெய் போட்டதுபோல ஓடின. முதலாளி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அடுத்தது கல்யாணக் காட்சி. மேடையில் சுப்பையாவும் ஐயர் வேடம் போட்டவரும். முத்து தட்டோடு வந்தார்.

தட்டில் கடிதம் இருந்தது.

சுப்பையா ஒரு கணம் கடிதத்தைப் பார்த்தார். பிறகு, பழக்கப்பட்டபடி, எடுத்துப் பிரித்தார். "ஐயோ! கல்யாணத்த நிறுத்தச் சொல்றாரே மாமா!" என்று அலறினார். மேடையில் விளக்கு இல்லை, மாலை இல்லை, மணப்பெண் இல்லை. எந்தக் கல்யாணம் என்று ஐயர் சுற்றிலும் தேடினார். சுப்பையா கடிதத்தைக் கிழித்தெறிந்து, "இனிமே இதுதான் என் ஊரு!" என்று முழங்கினார். நல்ல முழக்கம். முன்னால் ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

முத்து தாலியைக் கொண்டுவந்தார். சுப்பையா அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு இடமும் வலமும் பார்த்தார். கட்டுவதற்கு அருகே இருந்தது ஐயர் மட்டும். ஐயர் ஓரடி பின்வாங்கினார். திரைக்குப் பின்னால் நின்ற கோபால் தாலியைக் கண்டுவிட்டார். தாலி வந்தால் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட பாடம். பாதி கட்டிய சேலையோடு, நாடகத்தன்றுதான் எடுப்பேன் என்று வைத்திருந்த மீசையோடு, ஓடிவந்து தலைகுனிந்து நின்றார். மங்கள நாண் ஏறியது.

அடுத்து மாலை வந்தது. மாலை வந்தால் மணப்பெண் நுழைய வேண்டும். ஏற்கெனவே நுழைந்துவிட்ட கோபால், கடமை தவறாமல் வெளியே போய் மறுபடி நாணிக்கோணி நுழைந்தார்.

கடைசியாகக் குத்துவிளக்கு. ஐயர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தம் வசனத்தின் நேரம் வந்துவிட்டது. உரத்த குரலில் சொன்னார்: "விளக்கேத்தியாச்சு! இனி கல்யாணத்த ஆரம்பிக்கலாம்!"

திரை விழுந்தது.

கடிதமும் தாலியும் சொந்தப் பெட்டி. மாலை கடை. விளக்கு அக்கம்பக்கம். க, த, ம, வ. ஊசி தன் வேலையைத் துளி பிசகாமல் செய்திருந்தது. மற்றக் காட்சிகளில் சாமான்கள் எல்லாம் தொடக்கத்திலேயே மேடையில் இருக்கும். வரிசை எப்படி இருந்தாலும் ஒன்றுதான். இந்த ஒரு காட்சியில் மட்டும் வரிசைதான் கதை.

செயற்குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா தங்கச்சி, தாலி கட்டி முடிச்சப்பறம் கல்யாணத்த ஆரம்பிக்கலாங்கறியே! கவுர்மெண்டு ஆளுங்கள்லாம் வர்ற நாளு. நம்ம மானம் என்னாவறது?"

அக்கா திரையோரம் வந்து நின்றார். கையில் ஊசி. "தப்புதாங்க முதலாளி."

"என்ன பேசிக்கிட்டோம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"நாளைக்குச் சாயந்திரம் இன்னொரு தடவ பார்ப்பேன். அப்பவும் இப்படின்னா, முன்னால நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்."

நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். கையெழுத்து என்னுடையது. கதையும் என்னுடையது; எந்தச் சாமான் எப்போது வர வேண்டும் என்று அந்த இடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த வரியை நான் அடிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா மேடை விளிம்பில் உட்கார்ந்து, நான்கு சீட்டுகளையும் மடியில் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும். சுத்தமா இருந்துச்சு, அதனால போட்டீங்க." என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, வரிசைக்கு ஒரு காரணம் இருந்தா எழுதி வெக்கணும். உங்க மண்டைக்குள்ள இருக்கற காரணம் என் ஊசிக்கு எப்படித் தெரியும்? வெந்தயத்துக்கும் இதான் ஆச்சு. நானும்தான் அன்னிக்கே புத்தி கத்துக்கிட்டிருக்கணும். கேக்காம அடிக்கக் கூடாதுன்னு."

"இப்ப என்ன செய்யறது? இந்தக் காட்சிக்கு மட்டும் சீட்டு வேணாம்னு விட்டுடலாமா?"

"அப்ப அடுத்த தடவ யாராச்சும் மறந்துபோயி ஊசியப் போடுவாங்க. நானே போடுவேன். என் கை சும்மா இருக்காது." கொஞ்ச நேரம் ஊசியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கோபாலின் சேலை மூட்டையைத் துழாவி ஒரு சிவப்பு நூலை உருவி எடுத்தார். விளக்கு, மாலை, கடிதம், தாலி. நான்கையும் வர வேண்டிய வரிசையில் அடுக்கி, ஓரத் துளையில் நூலைக் கோத்து இறுக்கிக் கட்டினார். "இப்ப குலுக்கிப் பாருங்க."

குலுக்கினேன். அந்தத் துளையில் திறந்திருந்த மற்றச் சீட்டுகள் விழுந்தன. இந்த நான்கும் ஒன்றையொன்று விடாமல் ஒரே கட்டாகத் தொங்கின.

"இருங்க, முடியல," என்று கட்டைத் திருப்பி, பென்சிலை என்னிடம் நீட்டினார். "காரணத்த நீங்க எழுதுங்க. காரணம் இல்லாம செவப்பு நூல் கட்டக் கூடாது. இல்லேன்னா நாளைக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் நூலோட வருவான்."

'சாமான் வரும் வரிசைதான் கதை. மாற்றக் கூடாது' என்று எழுதினேன்.

மறுநாள் காலை, அலுவலகத்துக்குப் போகும் முன் ஜவுளிக்கடைக்குப் போனேன். பிழை என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப ஒன்னையும் சேத்து வெளிய அனுப்பவா?"

"அனுப்புங்க முதலாளி. சொல்ல வேண்டியத நேத்தே சொல்லியிருக்கணும்."

அவர் ஒரு துணிச்சுருளைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "போ, போ. வேலைக்கு நேரமாச்சி. சாயந்திரம் பார்க்கறேன்."

மாலையில் விளக்கு முதலில் வந்தது. முத்து இடமிருந்து வலமாகத்தான் எடுத்துவந்தார். சுப்பையா கடிதத்தைக் கிழித்து முழங்கியபோது முதலாளியே எழுந்து நின்றுவிட்டார். போகும்போது முன்னால் போட்டிருந்த ஒரு காலி நாற்காலியைத் தாமே மடக்கி, சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை மறைக்கக் குனிந்து எதையோ தேடினார்.

அவர் சொன்னபடியே நூல் தொற்றிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சித் தாளுக்குப் பெயர்கள் எழுத உட்கார்ந்தோம். யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம், எல்லாப் பெயரும் அகர வரிசையில் என்று செயற்குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சீட்டு. திரைக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயர் போடும் வழக்கம் இல்லை, அதனால் அக்காவுக்குச் சீட்டு இல்லை. முதலாளி எட்டிப் பார்த்தார். அவருடைய பெயர் 'ஹ'வில் தொடங்குவது. அந்த எழுத்துக்கு அக்கா துளையே போட்டிருக்கவில்லை. எல்லோரும் விழுந்த பிறகும் அவர் சீட்டு மட்டும் ஊசியில் தொங்கியது.

"ஏன் தங்கச்சி, நான் மட்டும் விழ மாட்டேங்கறேன்?"

"நீங்க யாருக்கும் விழ மாட்டீங்க முதலாளி. கடைசி வரைக்கும் நிப்பீங்க."

முதலாளி அதை ரசித்தார். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கடைசி சரி. ஆனா தலைவர் பேரு மொதல்ல வர்றதுதானே மொற? அந்தச் செவப்பு நூல் மிச்சம் இருக்கா?"

"நெறைய இருக்கு." நூலையும் பென்சிலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். "பின்னால காரணத்த எழுதிக் குடுங்க, கட்டிடறேன்."

"காரணமா? நான் தலைவரும்மா!"

"அதையே எழுதுங்க."

முதலாளி பென்சிலை வாங்கினார். சீட்டைத் திருப்பினார். எழுதப்போனார். நிறுத்தினார். வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்தார். வாயால் சொல்லும்போது கம்பீரமாக இருக்கும் சில காரணங்கள், உள்ளங்கை அகல அட்டையில் எழுதும்போது அப்படி இருப்பதில்லை. மேடையில் ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் சுத்தியலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"விடு, விடு," என்றார் முதலாளி. "தொங்கட்டும். கடைசியாப் படிக்கிற பேருதான் சனங்க மனசுல நிக்கும்."

நாடகம் வியாழக்கிழமை மாலை நடந்தது. செங்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். கோபால் மீசையை எடுத்திருந்தார். அவர் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. கடிதம் கிழிந்தபோது எழுந்த கைதட்டலில் ஐயர் தம் அடுத்த வசனத்துக்கு நிரம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. திரையோரத்தில் அக்கா நின்றார். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து எல்லா வசனத்தையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து தெரியும் சனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் அவர் உட்கார்ந்திருந்த பக்கம் அது. மறுநாள் காலை முதல் வேலையாகக் குத்துவிளக்கைத் துலக்கித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செயற்குழு கூடியது. தீபாவளிக்கு இன்னொரு நாடகம் என்று பேச்சு. வெளியே பெஞ்சியில் அக்கா, பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டின்னை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதா, திரும்ப எடுத்துப் போக வேண்டியதா என்று அவருக்குத் தெரியாது. எங்களில் யாரும் சொல்லவும் இல்லை. முதலாளி உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்தத் தடவ நிகழ்ச்சித் தாள்ல பின்னால நிக்கிறவங்க பேரும் வரும். இந்தா, ஒன் சீட்டு. மொதல்ல வர்ற மாதிரி நானே நூலக் கட்டிட்டேன்." சற்றுக் கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார்: "காரணமும் எழுதியிருக்கேன்."

அக்கா சீட்டைத் திருப்பிப் படித்தார். எனக்கும் தெரிந்தது. 'இவர் வராமல் திரை தூக்கக் கூடாது' என்று இருந்தது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, அவரால் பொறுக்க முடியவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் முகத்திலேயே தெரிந்தது; கொண்டைப் பென்சிலின் கூர் முனையை முடிச்சுக்குள் விட்டு, நூலை அவிழ்த்தே விட்டார்.

"காரணம் ரொம்ப நல்லாருக்கு முதலாளி. ஆனா நூல் வேணாம்," என்றார். "எம் பேரு 'அ'வுல ஆரம்பிக்குது. தானாவே மொதல்லதான் வரும்."

சீட்டில் தம் எழுத்துக்கு ஒரு துளையைக் கத்தரித்துத் திறந்தார். மற்றச் சீட்டுகளோடு சேர்த்து அடுக்கினார். ஊசியை விட்டுக் குலுக்கினார். விழுந்தது.